படிக்கச் சொல்லுங்கள், சாமி!

சில ஆண்டுகளுக்கு முன், கவரைப்பேட்டையை அடுத்த புதுவாயல் பகுதியில் நான் பங்குப்பணி ஆற்றிவந்தேன். பங்கின் தொடக்கப் பள்ளிக்குத் தாளாளர் என்ற பொறுப்பும் என்னிடமே இருந்தது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள், பிள்ளைகளின் கண்காட்சிக்குப் பெற்றோரை அழைத்திருந்தோம். 'நீர்' என்பது அம்மாதத்தின் கருப்பொருள். களிமண்ணால் ஓர் ஏரி. அதற்கு நீலக் காகிதத்தில் தண்ணீர். கரையில் தெர்மோகோல் கொக்குகள். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதனருகே நின்று, வந்தோர்க்கெல்லாம் மடைதிறந்தாற்போல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் கை தட்டினார்கள். எனக்கோ உள்ளம் பூரித்தது.

அவனுடைய பாட்டியும் வந்திருந்தார். வயல்வேலை செய்து காய்ப்பேறிய கைகளைக் குவித்து எனக்கு வணக்கம் சொன்னவர், ஏரியின்முன் இருந்த அட்டையைச் சுட்டிக்காட்டினார். "சாமி, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. இந்த எழுத்தைப் பேரப்பிள்ளைய படிக்கச் சொல்லுங்க" என்றார். பையன் அட்டையில் விரலை வைத்து, தன் விளக்கத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். பாட்டி தலையசைத்தார். "இது மனப்பாடம், சாமி. விரல் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது." அந்த அம்மையாருக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆயினும், நானும் ஆசிரியைகளும் காணத் தவறியதை அவர் கண்டுகொண்டார். சிறுவன் தலைகுனிந்தான், அவனைவிட நான் குனிந்தேன்.

ஏனெனில், அத்திட்டம் என்னுடையது. மே மாத விடுமுறையில் என் அறையில் அமர்ந்து, வண்ணப் பென்சில்களைக் கையிலெடுத்து, ஆண்டு முழுமைக்கும் பன்னிரண்டு கருப்பொருள்களை வகுத்திருந்தேன். அவற்றுள் 'பனிக்காலம்' என்றும் ஒன்று. மேல்நாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது அது. டிசம்பர் மாதத்தில் நம் ஊரில் கணுக்கால் அளவு சேறு இருக்கும்போது, பிள்ளைகள் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்தார்கள். தாளாளர் வகுத்த திட்டமாயிற்றே என்று ஆசிரியைகள் வாய்திறக்கவில்லை. ஆகவே குற்றம் அவர்களுடையதன்று.

அன்பு வாசகர்களே, ஒரு கருப்பொருளைச் சுற்றிப் பாடங்களை அமைக்கும் எண்ணமே தவறு என்று கருதிவிட வேண்டாம். குழந்தையின் உலகம் தமிழ், கணக்கு, அறிவியல் என்று அறை அறையாகத் தடுக்கப்பட்டதன்று. மழையில் நனைகிற பிள்ளை, அதை அறிவியல் என்று எண்ணி நனைவதில்லை. இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் பெல்ஜிய நாட்டு மருத்துவர் தெக்ரோலி. 1907-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர் தொடங்கிய பள்ளியில், உணவு, தட்பவெப்பத்திலிருந்து பாதுகாப்பு, ஆபத்திலிருந்து தற்காப்பு, உழைப்பு என்னும் மனிதத் தேவைகளை மையமாகக் கொண்டு பாடங்கள் அமைந்தன. நம் நாட்டில், 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகிய மூன்றோடும் எல்லாப் பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் நெறி.

அப்படியானால் நான் இடறியது எங்கே? கண்காட்சி முடிந்த மாலையில் தலைமையாசிரியையிடம் மனம் திறந்து கேட்டேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், அளந்து பேசுபவர். "ஃபாதர், பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மாதாமாதம் எழுதி வைத்தோம். எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று எழுதவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "இது எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதிய திட்டம் என்றும் அதில் தெரியவில்லை" என்றார்.

அன்றிரவு குருமடத்தில் கற்ற தமிழிலக்கணம் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியர் பொருளை மூன்றாகப் பகுத்தார்: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அந்நிலத்தில் விளைவதும் வாழ்வதும் தொழிலும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். நானோ நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டுக் கருப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேரில்லாத செடியை நட்டு, பூவை மட்டும் ஒட்டிவைத்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. திருச்சபையும் தன் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் காலம் காலமாகப் பிரித்தே கற்பிக்கிறது: திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம். ஆயினும் எந்தப் பெருவிழாவும் அன்றாடச் செபத்தை நீக்கிவிடுவதில்லை. விழாவுக்கும் ஒரு பயன் உண்டு. நாள்தோறும் செய்யும் பயிற்சிக்கும் ஒரு பயன் உண்டு. எங்கள் பள்ளியிலோ விழா மட்டுமே நடந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியை அலமாரியிலிருந்து பழைய அட்டைக் கட்டுகளை எடுத்துவந்தார். செயல்வழிக் கற்றல் அட்டைகள் அவை. ஆந்திரத்து ரிஷிவேலியில் ஒற்றையாசிரியர் கிராமப் பள்ளிகளுக்கென உருவான முறையைத் தழுவி, 2003-ஆம் ஆண்டில், மாநகராட்சி ஆணையராயிருந்த திரு. எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கப்பெற்றது. 2007-08 இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்தே மேலேறும். 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக அறிந்து கற்பிக்கவே முனைந்தது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். "கருப்பொருள் வகுப்புக்குப் பொது, ஏணி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. இரண்டும் வேண்டும், ஃபாதர்" என்றார் அவர்.

புதிய திட்டத்தைத் தீட்டத் தொடங்கிய ஜனவரியில், எங்களுக்குப் பாடம் சொல்ல இன்னொருத்தி வந்தாள். ஒடிசாவிலிருந்து செங்கற்சூளைக்கு வந்த குடும்பத்துச் சிறுமி. நம் மாவட்டத்துச் சூளைகளுக்கு மழை ஓய்ந்ததும் வேலைக்கு வருவோர், கோடை முடிந்து அடுத்த மழை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய ஆண்டு வேறு. நம்முடைய கல்வியாண்டு வேறு. தமிழ் தெரியாத அச்சிறுமி இரண்டு வாரம் மூலையிலேயே அமர்ந்திருந்தாள். ஒருநாள் 'ஆயிரம்' என்ற எண்ணைக் கற்பிக்க ஆசிரியை தீக்குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கினார். சிறுமி தானாகவே எழுந்துவந்து, பத்துப் பத்தாக, நூறு நூறாக, சூளையில் கல் அடுக்குவதுபோல் அடுக்கிக் காட்டினாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆயிரம் என்பது வெறும் சொல் அன்று, தந்தையின் முதுகுவலி. அன்றுமுதல் மற்றப் பிள்ளைகள் அவளிடம் ஆயிரத்தைக் கற்றார்கள். அவள் அவர்களிடம் தமிழைக் கற்றாள்.

மே இறுதியில் ஒரே பெரிய தாளில் புதிய திட்டம் உருவாயிற்று. பன்னிரண்டு கருப்பொருள்கள் ஐந்தாகக் குறைந்தன. ஜூன், ஜூலையில் 'என் வீடு, என் ஊர்': வீட்டார் பெயர்களும் தெருப் பலகைகளுமே முதல் வாசகம். புதுவாயல் என்ற பெயர் வந்த விதத்தைப் பிள்ளைகள் முதியோரிடம் கேட்டு வந்தார்கள். 'புது வாயில்' என்றார் ஒருவர். 'புது வயல்' என்றார் மற்றொருவர். எது சரி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் எழுதச் சொன்னேன். ஆகஸ்டு, செப்டம்பரில் 'உணவு': சொர்ணவாரி அறுவடை முடிந்து சம்பாவுக்கு வயல் தயாராகும் காலம், படியையும் மரக்காலையும் லிட்டரோடும் கிலோவோடும் ஒப்பிட்டு அளந்தார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையோடு 'நீர்'. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் குப்பி ஒன்றை முற்றத்தில் வைத்து, நாள்தோறும் காலையில் மழையை மில்லிமீட்டரில் அளந்து எழுதினார்கள். வாரக் கூட்டல், மாதக் கூட்டல், சென்ற வாரத்தோடு கழித்தல் என்று கணக்கு தானே பின்தொடர்ந்தது. பிச்சாட்டூரிலிருந்து வரும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியைச் சேரும் பாதையை வரைந்தார்கள். ஜனவரி, பிப்ரவரியில் 'அறுவடையும் விருந்தாளிகளும்': பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளும், சூளைகளுக்கு வரும் மனிதர்களும் இதில் அடங்குவர். அப்போது சேரும் பிள்ளைக்கும் அது முதல் நாள்போலவே இருக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதினோம். மார்ச், ஏப்ரலில் 'தொழிலும் சாலையும்': கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோர் வீடு திரும்பும் நேரமே கடிகாரப் பாடம்; கொல்கத்தா நெடுஞ்சாலையைக் கடக்கும் முறையே பாதுகாப்புப் பாடம்.

ஒவ்வொரு கருப்பொருளின்கீழும் மூன்று கட்டங்கள் இட்டோம்: பிள்ளைகள் விடைகாண வேண்டிய கேள்வி, படிக்க வேண்டியவை, செய்ய வேண்டிய கணக்கு. கீழே நான்காவதாக ஒன்றைத் தலைமையாசிரியை சேர்த்தார்: 'கற்றுக்கொண்டதை எப்படி அறிவோம்?' ஐந்து மாதிரிகள் செய்வதைவிட அந்த ஒரு கட்டத்தை நிரப்புவது கடினமாயிருந்தது. இதன்றி, கருப்பொருள் எதுவாயினும், காலையில் ஒரு மணி நேரம் வாசிப்புக்கும் கணக்குக்கும் உரியது. கடன் வாங்கிக் கழிப்பதை ஏரியோடு வலிந்து பொருத்த வேண்டியதில்லை. பொருந்தாததைத் தனியே கற்பிப்பதில் இழிவு இல்லை. மாதக் கடைசியில் சில நாள்களை வெறுமையாக விட்டோம், பின்தங்கியவர்களுக்காக.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை விடுமுறைகளில் அளவுப் பதிவேட்டில் இடைவெளிகள் விழுந்தன. ஒரு கருப்பொருள் மற்றதன் காலத்தை விழுங்கிற்று. சூளைச் சிறுமி அடுத்த ஆண்டு எங்களிடம் வரவில்லை. அவள் குடும்பம் வேறு சூளைக்குப் போயிருக்கலாம். அவளுக்காக எழுதிய வரி மட்டும் தாளில் இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் கண்காட்சி இல்லை. பெற்றோரை வகுப்பறைக்கே அழைத்தோம். நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தச் சிறுவன் மழைப் பதிவேட்டை எடுத்து, எழுத்துக்கூட்டி, மெதுவாகப் படித்தான். "திங்கள், பன்னிரண்டு மில்லிமீட்டர். செவ்வாய், மழை இல்லை." யாரும் கை தட்டவில்லை, தட்டும்படியான நடையும் அன்று அது. பாட்டி மட்டும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப விரலும் பேச்சும் ஒண்ணாப் போவுது, சாமி" என்றார். என் குருத்துவ வாழ்வில் எத்தனையோ பாராட்டுரைகளைக் கேட்டிருக்கிறேன்; இதற்கு இணையாக ஒன்றில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் மாதிரிகளும் வண்ண அட்டைகளும் கண்டால் மகிழுங்கள். அவை குழந்தையின் ஆவலைத் தூண்டும். ஆனால் கைதட்டியதோடு நின்றுவிடாதீர்கள். 'இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு' என்று அன்போடு கேளுங்கள். மளிகைச் சீட்டைப் படிக்கவும், மீதிச் சில்லறையை எண்ணவும், மழை பெய்த நாளைக் குறிக்கவும் வீட்டிலேயே இடம் கொடுங்கள். பிள்ளை தடுமாறினால் கடிந்துகொள்ளாமல், மறுநாள் ஆசிரியையிடம் சென்று, எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்டறியுங்கள். கேட்பதற்குக் கல்வித் தகுதி எதுவும் வேண்டுவதில்லை. ஓரெழுத்தும் அறியாத ஒரு மூதாட்டி எங்களுக்கு அதைக் கற்பித்தார்.