பளபளப்பா, மங்கலா?

மஞ்சள் வெட்ட இன்னும் ஒரு மாசம் இருக்கு. தோட்டத்துல பெருசா வேலை இல்லாத இந்த மார்கழியில, வீட்டுக்குள்ள இருக்கற கதவு, நிலை, ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு முடிச்சோம். தை நோம்பிக்கு மகளும் பேரனும் வர்றாங்க. பேரனுக்கு பதினோரு மாசம். இதுக்கு மார்கழிதான் தோது. ஆடியில அடிச்சா காத்துல வர்ற மண்ணெல்லாம் ஈரப் பெயின்ட்ல ஒட்டிக்கும். ஐப்பசியில அடிச்சா லேசுல காயாது.

எங்களுது தாத்தா கட்டுன ஓட்டு வீடு. மரமெல்லாம் தேக்குன்னு அப்பா பெருமையாச் சொல்லுவாரு. ஆனா அந்தத் தேக்கை நான் பார்த்ததே இல்லை. போன மாசம் கட்டிலை நகர்த்தும்போது இடிச்சு, ஆசாரத்து ஜன்னல்ல ஒரு சில்லு பெயர்ந்துச்சு. ஆசாரம்னா முன்கூடம். பெயர்ந்த இடத்துல அடுக்கடுக்கா நிறம். மேல காப்பிப்பொடிக் கலர், மக கல்யாணத்துக்கு அடிச்சது. அதுக்குக் கீழ மஞ்சள், எங்க கல்யாணத்துக்கு. அதுக்கும் கீழ பச்சை, அத்தை கல்யாணத்துக்கு. அதுக்கெல்லாம் அடியில தேக்கு.

பார்த்ததும் ஆசை வந்துருச்சு. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, வார்னிஷ் மட்டும் அடிச்சு, தாத்தா பார்த்த மரத்தை நானும் பார்க்கணும்னு. சுரண்டியும் உப்புத்தாளும் வாங்கிட்டு வந்து அந்த ஜன்னல்லயே ஆரம்பிச்சேன். ரெண்டு சாயங்காலம் தேய்ச்சதுல பாதிச் சட்டம் வெளிய வந்துச்சு. தேன் நிறம், நல்ல ரேகை. தலை, மீசை, சட்டை எல்லாம் மஞ்சத் தூள். "ஏனுங்க, மஞ்ச பாலிஷ் போடற டிரம்முக்குள்ள இருந்து வந்தாப்ல நிக்கறீங்க"ன்னு வீட்டுக்காரி சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி மக வீடியோவுல கூப்பிட்டா. ஜன்னலைப் பெருமையாக் காட்டினேன். அவ மரத்தைப் பார்க்கலை, கீழ கிடந்த தூளைத்தான் பார்த்தா. "அப்பா, நிறுத்துங்க. பழைய பெயின்ட்ல காரீயம் இருக்கும். அந்தத் தூள்லதான் இவன் தவழப் போறான்"னா.

ரசம் வைக்கற ஈயச் சொம்பு வேற, அது வெள்ளீயம். இது காரீயம். கொஞ்சூண்டு உள்ள போனாலும் குழந்தைங்க மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு அளவே கிடையாது.

மஞ்சள் விவசாயிக்கு இதை இன்னொருத்தர் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அதுதான் எனக்கு வெக்கம். மஞ்சளுக்கு நிறமேத்தறதுக்குன்னு லெட் குரோமேட் கலக்கற கலப்படத்தைப் பத்தி நாங்க வாய் ஓயாமப் பேசுவோம். லெட்னா காரீயம். அந்த லெட் குரோமேட் வேற எதுவும் இல்லீங்க, பெயின்ட்டுக்குப் போடற மஞ்சள் நிறம்தான். பச்சைப் பெயின்ட்லயும் அதைக் கலப்பாங்க. கலப்படக்காரனை வாய் நிறையத் திட்டுற நானு, அது இருக்கக்கூடிய தூளை ரெண்டு நாளா வீட்டுக்குள்ள பறக்க விட்டிருக்கேன்.

எங்க பெயின்ட்ல காரீயம் இருந்துச்சான்னு சோதிச்சுப் பார்க்கலை. இருக்கும்னே வெச்சுக்கிட்டு வேலை செஞ்சோம். சீமாறு போட்டுக் கூட்டலை, கூட்டினா தூள் எழும்பும். ஈரத்துணியால மூணு தடவை துடைச்சு, அந்தத் துணியையும் தூளையும் பையில கட்டி வெச்சோம். கோழிங்களை ரெண்டு நாள் வாசல் பக்கமே விடலை.

சுரண்டக் கூடாதுன்னா மேல மூடித்தான் ஆகணும். பெயின்ட் கடையில கேட்டேன், "பளபளன்னு வேணுமா, மங்கலா வேணுமா, நடுவாந்தரமா வேணுமா?"ன்னாரு. கிளாஸ், மேட், சாட்டின்னு மூணு மாதிரி. எங்க பெயின்டர் தம்பிக்கு கிளாஸ்தான் புடிக்கும். "கண்ணாடியாட்டம் இருக்குமுங்ண்ணா"ன்னாரு. புது மரத்துக்குச் சரி. பழைய மரத்துல பளபளப்பு அடிச்சா ஒவ்வொரு பள்ளமும் மேடும் தனியாத் தெரியும். மேட் பள்ளத்தை மறைக்கும், ஆனா கை அழுக்கு பிடிச்சா துடைச்சு எடுக்கறது கஷ்டம். எங்க வீட்டுல விளக்குக் கரி, எண்ணெய்க் கை, மஞ்சக் கை, இனிமே பேரன் கை. அதனால சாட்டின். கண்ணைக் கூசாது, ஈரத்துணியால துடைக்கலாம்.

தின்னர் கலக்கற எனாமலா, தண்ணியில கலக்கறதான்னு அடுத்த கேள்வி. குழந்தை வர்ற வீடு, வாடை குறைச்சலா இருக்கணும்னு தண்ணியில கலக்கறதையே எடுத்தேன். ஒரு சிக்கல், பழைய எனாமலோட வழவழப்பு மேல அது நேரா ஒட்டாது. முதல்ல வழவழப்பைப் போக்கணும், பிரைமர் அடிக்கணும். அதையும் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, ஈரமாவே தேய்ச்சோம். தூள் பறக்காது, சேறு மாதிரி வரும், துடைச்சு எடுத்துறலாம். அதுக்கு மேல ரெண்டு கோட்டிங்.

டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சேன். 2016-ல போட்ட விதி, 2017 நவம்பர்ல இருந்து அமல்: வீட்டுக்கு அடிக்கற பெயின்ட்ல காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாது, அதை டப்பாவுலயும் போடணும். நீங்க வாங்கும்போது நிறத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. பழைய வீட்டுல குடியிருக்கறவங்க, பெயின்டர் சுரண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் பெயின்ட் பத்தாதுன்னு மக சொல்லிட்டா. ஜன்னலோட அடிக்கட்டை. நின்னு பழகற குழந்தை அதைத்தான் பிடிப்பான், அதுலதான் வாயை வெப்பான். கடிச்சா மேல அடிச்சது பெயர்ந்து பழசு வந்துரும். ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கட்டையை முழுசாக் கழட்டிட்டோம். கழட்டினதை வீட்டுக்காரி வெந்நீர் அடுப்புக்கு எடுத்துட்டுப் போனா. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். எரிச்சா புகையில காரீயம் வரும். சாக்குல சுத்தி அட்டாலியில போட்டிருக்கேன்.

அந்த இடத்துல இப்ப வேப்பங்கட்டை. ரெண்டு வருசம் முன்னாடி காத்துல சாஞ்ச எங்க கிணத்தடி வேம்பு. வழவழன்னு இழைச்சதோட சரி, பெயின்ட் இல்லை, வார்னிஷ் இல்லை, ஒண்ணுமில்லை.

தேக்கு மறுபடியும் உள்ள போயிருச்சு. ரெண்டு நாள் பார்த்தேன், போதும்.

நேத்து சாயங்காலம் வந்து இறங்கினாங்க. பேரன் தவழ்ந்து, நேரா அந்த ஜன்னலுக்குப் போனான். கட்டையைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னான். நாங்க மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்க, நினைச்ச மாதிரியே வாயை வெச்சான். வேம்பு, கசக்கும், விட்டுருவான்னு நினைச்சேன். கசக்கலையாட்ட இருக்கு. ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு.