பேர் மாற்றம்

வயதானவர்கள் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டு புறப்படும்போது சாமான்களைப் பங்கிடுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. வெண்கலப் பானையை ஒரு மருமகள் எடுத்துக்கொள்வாள். தையல் மெஷின் இன்னொருத்திக்கு. ஊஞ்சல் பலகைக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். ஆனால் நாலு காலும் ஒரு வாலும் உள்ள சொத்து ஒன்று வாசற்படியில் படுத்திருக்கிறதா, உடனே எல்லோருக்கும் ரயிலுக்கு நேரமாகிவிடும்!

மயிலாப்பூர்ப் பெரியம்மாவின் ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. பெரியப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. 2025-ல் பெரியம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்தது. "இனித் தனியாக இருந்தது போதும்" என்று கோயம்புத்தூர் மகள் அழைத்துப் போக வந்துவிட்டாள். அங்கே பேரனுக்கு இழுப்பு. நாய் ரோமம் ஆகாது. யாரைக் குறை சொல்ல?

ஜிம்மி ஒன்றும் உயர்ந்த ஜாதி நாய் அல்ல. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மழை இரவில் பெரியப்பா மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வந்த சாக்ஷாத் தெரு நாய்க்குட்டிதான். புறப்படுகிற அன்று பெரியம்மா ஒரு பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே சங்கிலி, நசுங்கிய அலுமினியத் தட்டு, தடுப்பூசி அட்டை. கூடவே ஒரு காகிதம். அதில் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "மோர் சாதத்தில் உப்பு வேண்டாம். தபால்காரரைக் கண்டால் குரைக்கும், கடிக்காது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுக்க வேண்டாம்."

டாக்ஸி கிளம்பியபோது பெரியம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜிம்மிதான் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் முதல் மூன்று நாட்கள் அது தட்டை முகர்ந்துவிட்டுப் போய் வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நாலாம் நாள் காஸ் சிலிண்டர் வந்த சமயம், திறந்த கதவு வழியாக மாயமாகிவிட்டது! என் கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தெருத்தெருவாகத் தேடினோம். மத்தியானம் டெலிபோன் மணி அடித்தது. மயிலாப்பூர் வீட்டருகே இஸ்திரி போடுகிறவர் பேசினார். "உங்க நாய் இங்கே பூட்டின வீட்டுப் படியிலே உட்கார்ந்திருக்கும்மா" என்றார். ராயப்பேட்டையிலிருந்து ராதாகிருஷ்ணன் சாலையைத் தாண்டி, அத்தனை பஸ்ஸுக்கும் காருக்கும் தப்பிப் போயிருக்கிறது!

அவருக்கு ஜிம்மியைத் தெரியும், எங்களையும் தெரியும். சரி, தெரியாதவர் கண்ணில் பட்டிருந்தால்? 'நான் இன்னார் வீட்டு நாய்' என்று அது எப்படிச் சொல்லும்?

அந்த நாளில்தான் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று கண்டிப்புக் காட்டியது. உரிமத்துக்கு வருஷத்துக்கு ஐம்பது ரூபாய். எடுக்காவிட்டால் அபராதம் ஐயாயிரம்! முகாம் வைத்து, சிப்பை இலவசமாகவே பொருத்தினார்கள். நாங்கள் லாயிட்ஸ் காலனி மையத்துக்குப் போனபோது ரேஷன் கடை போல வரிசை நின்றது. பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று, கன்றுக்குட்டி மாதிரி ஒன்று, நடுவில் எங்கள் ஜிம்மி.

இந்த மைக்ரோசிப் என்ன சங்கதி என்று கேட்பீர்கள். ஒரு அரிசி மணி அளவுதான். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன். கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த இந்தச் சில்லை, கொஞ்சம் தடித்த ஊசியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். அதற்குப் பாட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால், அதிலிருந்து வரும் ரேடியோ அலையிலேயே விழித்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். நாய் எங்கே திரிகிறது என்று வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்க அது உதவாது. அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் யார் பெயர், யார் டெலிபோன் நம்பர் இருக்கிறதோ, அதுதான் முக்கியம். வீடு மாறி, நம்பர் மாறி, கை மாறி, பதிவை மட்டும் மாற்றாமல் விட்டால் சிப் இருந்தும் பிரயோசனமில்லை.

டாக்டர் முதலில் கருவியை ஜிம்மியின் முதுகில் ஓட்டி, ஏற்கெனவே சிப் இல்லையென்று நிச்சயம் செய்துகொண்டார். பிறகு தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர்! அழகான உருண்டை எழுத்தில், அவரே எழுதியது.

"இவர் வந்திருக்கிறாரா?" என்றார் டாக்டர்.

"இல்லை, காலமாகிவிட்டார். இனிமேல் நாங்கள்தான்" என்றேன்.

"அப்படியானால் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடலாமா?"

எனக்கு என்னவோ கோயம்புத்தூருக்கு ஒரு வார்த்தை கேட்காமல் 'சரி' சொல்ல மனம் வரவில்லை. அங்கேயே நின்று போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுப் பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை.

"ஏம்மா, உள்ளே வைக்கிறார்களே, அதிலே பேர் எழுதியிருக்குமா?"

"இல்லை பெரியம்மா. வெறும் நம்பர்தான். பேர் எல்லாம் ஆபீஸ் பதிவில்தான் இருக்கும்."

"அப்போ நல்லது. பேரென்றால் ஒருவரை அடித்துத்தான் இன்னொருவரை எழுத வேண்டும். நம்பர் என்றால் அதன் ஆயுசுக்கும் அதன் கூடவே இருக்கும். நீ உன் பேரையே எழுது. அந்தப் பழைய அட்டையை மட்டும் எனக்கு அனுப்பிவிடு."

ஊசி போட்டபோது ஜிம்மி காதைக்கூட அசைக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது என் கணவர்தான்! டாக்டர் மறுபடி கருவியைக் காட்ட, பதினைந்து இலக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. புது அட்டை போட்டு வாங்கிக்கொண்டு, பழையதைக் கோயம்புத்தூருக்குத் தபாலில் அனுப்பினேன்.

ஆனால் ஆபீஸில் பேர் மாறிவிட்டால் போதுமா? நாயின் கணக்கிலும் மாற வேண்டாமோ? அதற்கு எந்த முகாமும் இல்லை. வேளா வேளைக்குச் சோறு வைத்தோம். சாயங்காலம் மயிலாப்பூர்ப் பக்கமாகவே நடத்தி அழைத்துப் போய், பூட்டிய வீட்டின் முன் ஐந்து நிமிஷம் நிற்கவிட்டுக் கூட்டி வந்தோம். நாளடைவில் ஐந்து நிமிஷம் இரண்டாயிற்று. ஒரு நாள் அந்தத் தெருவுக்குள் திரும்பாமலே, அது எங்களை வீட்டுப் பக்கம் இழுத்தது.

அந்த வாரம் ஓர் இரவு பலத்த மழை. ஒரே ஒரு இடிதான் இடித்தது. வாசலில் ஜிம்மியைக் காணோம். மறுநாள் காலையில் பெரியம்மாவுக்குப் போன் செய்து, "ராத்திரி இடி இடித்தது. ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது" என்றேன்.

"எந்தக் கட்டில்? அங்கேயிருந்து கொண்டுபோனீர்களே, பெரியப்பா கட்டில், அதுவா?"

"இல்லை பெரியம்மா, எங்கள் கட்டில்."

"அப்படியானால் சரி. இனிமேல் அது உன் நாய்தான்" என்றாள் பெரியம்மா.