மாதம் இரண்டு சனிக்கிழமை

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நானும் ஓர் இயக்குநர். உறுப்பினர்களிடம் கடலை வாங்கி, மரச்செக்கில் ஆட்டி எண்ணெய் விற்கிறோம். போன மாசியில் அலுவலகக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது. மூன்று மாதக் கொள்முதல் கணக்கும் அதோடு போயிற்று. யாருக்கு எவ்வளவு பாக்கி என்றே தெரியவில்லை. எடைச்சீட்டுகளைத் திரும்ப வாங்கித்தான் கணக்கு எழுதினோம். சீட்டைத் தொலைத்தவர்களை எதிரில் பார்த்தால் இன்னமும் எனக்குக் கூச்சம்.

பில் போடும் மென்பொருளை விற்றவர் போனையே எடுக்கவில்லை. பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம்.

முழுநேர ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நமக்கு ஏது வசதி? ஓர் உறுப்பினரின் மருமகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். மாதம் இரண்டு சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார். பணம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை; ஓசியில் செய்கிறவரிடம் தப்பைக் கேட்க முடியாது.

புதுசாக ஏதாவது வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். நாங்கள் வாங்க இருந்த மொபைல் ஆப்பையே நிறுத்திவிட்டார். 'முதல்ல பாஸ்வேர்டு நம்ம கைக்கு வரட்டும் மாமா' என்றார். தினமும் சாயங்காலம் கணக்கைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்தும் பார்க்க வேண்டும். இது என்ன வெட்டி வேலை என்று முணுமுணுத்தேன்.

முதல் மாதம் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை! தப்பான ஃபோல்டரை நகல் எடுத்திருக்கிறோம். அன்றைக்கே சரிசெய்தார். இப்போது அந்த டிஸ்க் ராத்திரியில் எங்கள் வீட்டு பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருக்கிறது.