தனியாக வந்த கட்டைவிரல்

சிங்கப்பூர்



1936-இல் காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்றொரு மாத இதழ் வந்தது. ஆசிரியர் மரகதவல்லி. கைம்பெண்ணாக இருந்து, 1929-இல் ‘குமரன்’ இதழின் ஆசிரியர் சொ. முருகப்பாவை மணந்தவர். தான் வாழ்ந்து காட்டியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. தாலியறுத்தவள் எதிரே வந்தால் சகுனம் பார்த்த ஊரில், ஊர் எதற்குப் பயந்ததோ அதையே அட்டையில் பெயராக அச்சடித்தார். தபால்காரரிடமிருந்து அந்த இதழை வாங்கி முந்தானைக்குள் மறைத்தவர்கள் எத்தனை பேரோ!

இதை என் அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். பெங்களூரில் ஐ.டி. வேலை, கை நிறையச் சம்பளம். “பெரிய மனுஷிதான் அத்தை. ஆனா நான் ஃபெமினிஸ்ட் எல்லாம் இல்ல” என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லையே என்றேன். “ஜாதகம் சுத்திக்கிட்டிருக்கு அத்தை, நீங்க வேற” என்று சிரித்தாள்.

இளம்பெண்கள் ஏன் ‘ஃபெமினிஸ்ட்’ என்ற பெயரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஆண்களை வெறுப்பவள் என்று நினைத்துவிடுவார்களாம். அதெல்லாம் பட்டணத்து இங்கிலீஷ்காரிகள் சமாசாரமாம். இருக்கலாம். எங்கள் ஊர்க் காரணம் வேறு, அது கணக்கு. நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். எங்கள் வழக்கில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. துணை போய்விட்டால் அரைப்புள்ளி. லட்ச ரூபாய் சம்பாதித்தாலும் கல்யாணமாகாத பெண் அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். ஒன்பது நகரக் கோயில்களுக்குள் மாப்பிள்ளை தேட வேண்டிய சின்னச் சமூகம். ஜாதகம் போய்ச் சேருமுன் ‘அந்தப் பொண்ணு ஒரு மாதிரி’ என்ற பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். அவள் வாயை மூடிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பேரேட்டில் எதை எழுதக் கூடாது என்று தெரிந்த வம்சம்.

“நம்ம ஆச்சிமார் ராஜ்ஜியம் பண்ணலையா? பெண்ணியம் எதுக்கு?” என்றும் ஊரில் கேட்பார்கள். உண்மைதான். இங்கே சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் செட்டியார்கள் பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்த காலத்தில், அங்கே வீட்டையும் விசேஷத்தையும் வரவு செலவையும் ஆச்சிதான் நடத்தினார். கொத்துச்சாவி அவர் இடுப்பில். வீட்டுப் பத்திரம் மட்டும் பங்காளிகள் பெயரில்.

பத்திரத்தில்தான் இந்த ஒதுங்கலின் விலை தெரிகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆயிற்று. நாடு முழுமைக்கும் 2005. சட்டம் வந்த பிறகு நடப்பது என்ன? வெள்ளிப் பாத்திரம் முதல் விளக்குமாறு வரை பரப்பிச் சீர் செய்தாகிவிட்டது, இனி என்ன என்று கேட்டு, மகள்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். எம்.பி.ஏ. படித்தவளும் போடுகிறாள். தனியாக நின்று பங்கு கேட்டால் பேராசைக்காரி, கூடப்பிறந்தவனோடு மல்லுக்கு நிற்பவள். ‘எங்களுக்கு’ என்று கேட்க ஒரு கூட்டம் வேண்டும்; கூட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பெயரை வேண்டாம் என்றவள் ஒவ்வொரு சண்டையையும் ஒற்றை ஆளாகத்தான் போட வேண்டியிருக்கிறது. மரகதவல்லி இதழ் நடத்தியதும், கணவரோடு சேர்ந்து மறுமணத்துக்கு உதவச் சங்கம் வைத்ததும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

1961-லேயே மகளிர் சாசனம் கண்ட இந்தச் சிங்கப்பூரிலும் இதே தயக்கம் உண்டு. என் அலுவலகத்துப் பெண்கள் பிரசவ விடுப்பைக் கறாராகக் கேட்டு வாங்குவார்கள். பெண்ணியவாதியா என்றால் அவசரமாகத் தலையாட்டி மறுப்பார்கள்.

எங்கள் வீட்டுப் பங்கு விஷயமாகப் போன மாதம் எனக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை, என் பங்கு எனக்கு வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதிவிட்டேன். அண்ணன் படித்துவிட்டார், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அண்ணி சாப்பாட்டுப் படம் ஒன்றைப் போட்டுப் பேச்சை மாற்றினார். ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் மகளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக.