முப்பது கிலோ

பாங்கொக் போகிறோம் என்று சொன்ன உடனே கம்பஸில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "காசு எங்கால?" கலைப்பீடத்து மூன்றாம் வருடப் பிள்ளைகள் நாலு பேர் வெளிநாடு சுற்றப் போனால் கேட்கத்தானே செய்வார்கள். விசாப் பிரச்சினை இருக்கவில்லை. 2024 ஜூலையில் விசா இல்லாமல் வரக்கூடிய நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து இலங்கையையும் சேர்த்திருந்தது. காசுக்கு வழி சொன்னவள் எங்களில் ஒருத்தி. அவளை நாங்கள் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவது. அவளுடைய அம்மா சாவகச்சேரிப் பக்கம் ஒரு சின்ன உடுப்புக் கடை வைத்திருக்கிறார்.

அம்மா இவ்வளவு காலமும் கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில்தான் மொத்தமாக உடுப்பு எடுப்பார். அங்கே விற்கிற பிளவுஸ், கவுன்களில் கனக்க பாங்கொக்கில் இருந்து வருபவை. நேரே போய் எடுத்தால் இடையில் போகிற காசு மிஞ்சும் என்பது முதலாளியின் கணக்கு. "நீங்கள் மூண்டு பேரும் உங்கட முப்பது கிலோவில இருபதை எனக்குத் தாங்கோ. உங்கட ரிக்கெட்டில பாதியை நான் போடுறன்" என்றாள். அம்மா சீட்டு எடுத்து, மிச்சத்துக்குக் காப்பை அடகு வைத்துக் கொடுத்த காசு. 2022 இல் அந்தக் கடை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததும் எங்களுக்குத் தெரியும். விற்பதற்குக் கொண்டுவரும் சாமானுக்கு வரி கட்ட வேணும், நாலு பெட்டியில் பிரித்து வைத்தால் ஆரும் கேட்கமாட்டார்கள் என்ற யோசனையும் இதற்குள் இருந்தது. அது சரியா பிழையா என்று நாங்கள் அப்போது கதைக்கவே இல்லை. ரிக்கெட் பாதி விலை. அது மட்டும்தான் மண்டையில் ஏறியது. ஓம் என்றோம்.

முதல் இரண்டு நாளும் பிரதுநாமில் போனது. அந்தப் பெயருக்குத் தாய் மொழியில் நீர்க்கதவு என்று அர்த்தமாம். பக்கத்தில் ஓடுவது சேன் சேப் வாய்க்கால், 1837 இல் தோண்டத் தொடங்கியது. இப்போதும் அதில் படகுதான் பஸ் மாதிரி ஓடுகிறது. படகு நின்று நாங்கள் மூச்சு விட முதல் ஏறிவிட வேணும். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் படங்கை உயர்த்துவார்கள், இல்லையென்றால் கறுப்புத் தண்ணி முகத்தில். ரிக்கெட் கிழிப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்து வந்து காசு வாங்குகிறார். எங்கட மினிபஸ் கொண்டக்டர்மார் பார்த்தால் கும்பிடுவார்கள்.

பிளாட்டினம் மோலுக்குள் கடை என்று சொல்வதெல்லாம் ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டுகிற அளவு. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் இன்னொரு விலை. கனக்கக் கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். பாஷை தேவையில்லை, கல்குலேட்டரில் இலக்கத்தை அடித்துக் காட்டுவார்கள், நாங்கள் குறைத்து அடித்துக் காட்ட வேணும். முதலாளி மட்டும் யூடியூப்பில் பாடமாக்கி வந்திருந்தாள்: "லொட் டாய் மாய்?" குறைக்க முடியுமா என்று. கேட்டதும் கடைக்காரப் பெண்கள் சிரிப்பார்கள், சிலர் பத்துப் பாத் குறைப்பார்கள். அப்போது ஒரு பாத் ஒன்பது ரூபாவுக்குக் கிட்ட. அவள் ஒவ்வொரு பிளவுஸையும் உட்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள், பொத்தானை ஆட்டிப் பார்த்தாள், பிறகு ஒரு கொப்பியில் எழுதினாள். பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கால் உளைந்தது. 'சொப்பிங்' என்று நாங்கள் நினைத்திருந்தது இது இல்லை.

மூன்றாம் நாள் காலை சீலோமில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு நாலு பேரும் போனோம். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் கட்டியது. உள்ளே கும்பிட நின்றவர்களில் கூடப் பேர் தாய்லாந்துச் சனம். முழங்காலில் இருந்து பூமாலை நீட்டுகிறார்கள். இந்தியப் பக்கத்து ஆட்களை அவர்கள் 'கேக்' என்பார்கள், விருந்தாளி என்றும் அதற்கு ஒரு அர்த்தம். கோயிலுக்கே வாட் கேக் என்றுதான் பெயர். முதலாளி கன நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாங்கள் வெளியில் நின்று, அடுத்து எங்கே போகலாம் என்று போனில் பார்த்தோம்.

அன்று சனிக்கிழமை. சதுசக் சந்தை கிழமை முடிவில் மட்டும்தான் களைகட்டும். முதலாளிக்குப் பிரதுநாமில் கடைசிச் சாமான் எடுக்க இருந்தது. "தூக்க ஆள் வேணும், ஒராள் வந்தாலும் காணும்" என்றாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "சரி, பரவாயில்ல" என்று அவளே முடித்து வைத்தாள்.

சதுசக்கைப் பற்றிச் சொன்னால் இன்னொரு கட்டுரை வரும். ஆயிரக்கணக்கான கடைகள், ஒரு சந்துக்குள் நுழைந்தால் திரும்பி அதே இடத்துக்கு வரமுடியாது. சப்பாத்து, தோல் பை, விளக்கு, பீங்கான் கோப்பை, நாய்க்குட்டிக்குச் சட்டை. தந்த லிஸ்ட்களை மறந்து எங்களுக்கு எடுத்தோம். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போட்டார்கள். நடந்துகொண்டிருந்த சனம் அப்படியே நின்றது. நாங்களும் நின்றோம். எங்கட நாட்டுக் கீதத்துக்கு நிற்கும்போது வருகிற யோசனை ஒன்றும் வரவில்லை, அது ஒரு நிம்மதி. அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. முதலாளி. கீதம் முடிந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஐஸ்கிறீம் வாங்கி, சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் திருப்பி எடுத்தோம். "இல்ல, ஒண்டுமில்ல. ரூமுக்கு வந்திட்டன்" என்றாள். நாலு மூட்டையோடு நடைபாதையில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

இரவு பெட்டி நிறுத்தோம். கையில் தூக்கி நிறுக்கிற சின்னத் தராசு அவள் கொண்டுவந்தது. பத்துக் கிலோவுக்குள் நிற்க வேண்டிய எங்கள் சாமான் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவள் சொன்ன கணக்கைத் தாண்டவில்லை. தாண்டியது நாங்கள். மொத்தம் இருபத்தேழு கிலோ கூட.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய மூட்டையை அவிழ்த்து, எதை விடலாம் என்று பிளவுஸ்களைக் கட்டிலில் பரப்பத் தொடங்கினாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒருத்தி "அதை வை" என்று அதட்டினாள். இரண்டு ஜீன்ஸ் மேலுக்கு மேல் போட்டுக்கொண்டோம், கைப்பைகளில் திணித்தோம், கோப்பைகளை அறையிலேயே விட்டோம். அப்படியும் பதினொரு கிலோ மிச்சம். சப்பாத்துகளை விட மனம் வரவில்லை, அதையும் எழுதத்தான் வேணும். அடுத்த நாள் விமான நிலையத்தில் அந்தப் பதினொரு கிலோவுக்கும் காசு கட்டியவள் அவள். எங்கள் மூன்று பேரிடமும் சேர்த்து அறுநூற்றி நாற்பது பாத் இருந்தது. நீட்டினோம். "வைச்சிருங்கோ, கட்டுநாயக்காவில சாப்பிட வேணும்" என்றாள்.

கட்டுநாயக்காவில் ஆரும் மறிக்கவில்லை. பஸ்ஸில் விடிய விடியச் சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தோம். அம்மா தேத்தண்ணி வைத்துத் தந்தார். பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தார், மகளைப் போலவே. பிறகு நல்லதாக மூன்று பிளவுஸ் தெரிந்தெடுத்து எங்கள் மடியில் வைத்தார்.

"பிள்ளையள் இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தனீங்கள். வைச்சுக்கொள்ளுங்கோ."

நாங்கள் முதலாளியைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. கொப்பியைத் திறந்து, அந்த மூன்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.