வீல்சேரில் இருப்பவர் வேலைக்குப் போக என்ன வேண்டும்?

1/
மாற்றுத்திறனாளி சான்று வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பர்சன்ட் சார் வரும்?"
"இவரால என்ன வேலை சார் செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

2/
தண்டுவடத்தில் அடிபட்டவரை எடுத்துக்கொள்வோம். பைக் விபத்து, மரத்திலிருந்து விழுவது, கட்டட வேலையில் சாரம் சரிவது... பெரும்பாலும் சம்பாதிக்கும் வயது. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. கையும் மூளையும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் வீட்டில் "இனி அவ்ளோதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

3/
இவர்கள் வேலையைப் பெரும்பாலும் கெடுப்பது அழுத்தப் புண்.
உணர்வில்லாத இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு சதை அழுகும். வலி தெரியாது. தெரியவரும்போது எலும்பு வரை போயிருக்கும். ஆற மாதக்கணக்காகும். அதுவரை உட்காரக் கூடாது.

4/
செல்போன் சர்வீஸ் தெரிந்த ஓர் இளைஞர், அதே புண்ணுக்காக மூன்றாவது முறை அட்மிட் ஆனார். "சார், எனக்கு வேலை தெரியும். உட்காரத்தான் முடியல."
வீட்டில் அவரிடம் இருந்தது, நாங்கள் வார்டிலிருந்து எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளிப் போவோமே, அந்த மாதிரி நாற்காலி. அதில் நாள் முழுக்க உட்கார முடியாது. உடல் அளவுக்கேற்ற நாற்காலியும் சரியான மெத்தையும் கிடைத்த பிறகுதான் அவர் கடைப் பக்கம் போனார்.

5/
இங்கேதான் தொழில்நுட்பமும் கூட்டு முயற்சியும் வருகின்றன.
சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மையம், ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, வெல்கம் டிரஸ்ட் நிதியுதவியில் உருவாக்கியது 'அரைஸ்' (2019). உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் வீல்சேர்.
அங்கிருந்து முளைத்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்தவை இரண்டு. 'நியோஃபிளை', உடல் அளவுக்கேற்ப அமைக்கும் வீல்சேர். 'நியோபோல்ட்', அதன் முன்னால் மாட்டும் மோட்டார் வண்டி. மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை போகும். இதை ஓட்டி உணவு டெலிவரி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

6/
நாற்காலி மட்டும் போதுமா? போதாது.
இவர்களில் பலர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு சிறுநீர் எடுக்க வேண்டும். வேலையிடத்தில் வீல்சேர் நுழையும் கழிவறை இல்லாவிட்டால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்புறம் தொற்று, காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு.
அகலமான கதவும் ஒரு சாய்தளமும் அமைக்க ஐ.ஐ.டி. தேவையில்லை. ஒரு கொத்தனார் போதும்.

7/
உரிமைகளும் தெரிந்திருக்கட்டும்.
✅ 2016 சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள். 40% மற்றும் அதற்கு மேல் பாதிப்பு இருந்தால் அரசு வேலையில் 4% ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.
✅ சொந்தத் தொழில் தொடங்க பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கைக்காசு 5% போட்டால் போதும். மானியம் கிராமத்தில் 35%, நகரத்தில் 25%.
✅ யூ.டி.ஐ.டி. அட்டை எடுத்து வையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

8/
வீல்சேரில் இருப்பவர்களே, அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தத்தைக் குறையுங்கள். தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

கடை, கம்பெனி நடத்துபவர்களே, நாளை காலை உங்கள் வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேலை தெரிந்த ஒருவர் அதற்குக் கீழே நின்றுகொண்டிருக்கலாம்.