இல்லறக் கணக்கும் இத்தாக் காலமும்

மணவிலக்கு என்னும் சொல்லைச் செவிமடுக்கவும் விரும்பாதவர் நாம். ஆகுமாக்கப்பட்டவற்றுள் மிக வெறுக்கத்தக்கது அது என்று சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் அது நம் தெருக்களில் நிகழவே செய்கிறது. நிகழ்ந்தபின் யார்மீது குற்றம் என்பதை ஊரே கூடி ஆராய்கிறது. எவரிடம் என்ன பொருள் இருக்கிறது என்பதை ஆராய ஒருவரும் முன்வருவதில்லை.

தமிழாசிரியர் என்பதால் மனு எழுதித் தரக் கேட்டு நம்மிடம் வருவோர் உண்டு. பிழையில்லாமல் எழுதுவோம் என்ற நம்பிக்கை போலும்! சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தவள் நம் சாச்சி மகள். 22 ஆண்டு இல்லறம் முறியும் தறுவாயில் இருந்தது. ஜமாஅத்துக்கு மனு வேண்டும் என்றாள். "உன் பொருள் என்னென்ன, சொல்லம்மா" என்றோம். "எனக்கென்ன தெரியும் காக்கா? எல்லாம் அவருதான் பார்த்தாரு" என்றாள். பால்காரர் கணக்கை நாள் தவறாமல் மனத்திலேயே வைத்திருப்பவள் அவள்.

வருவாய்க்குத் தக இல்லம் நடத்துபவளே வாழ்க்கைத் துணை என்பது வள்ளுவர் கருத்து. வகுப்பில் ஆண்டுதோறும் இதனை விளக்கி வருகிறோம். வருவாய் இன்னதென்றே அறிவிக்கப்படாதவள் அதற்குத் தக எங்ஙனம் வாழ்வாள் என்னும் வினாவை ஒரு மாணவரும் எழுப்பியதில்லை.

மனுவை ஒதுக்கிவைத்துப் பட்டியல் எழுதத் தொடங்கினோம். நான்கு மாலைப்பொழுதுகள் ஆயின. நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகை இருந்தது. அது தரப்படாத கடனாகவே நின்றது. நகை 40 பவுன். அதில் பாதி, கணவர் பெயரில் வங்கியில் அடகு. இரசீது அலமாரியில் விரித்த தாளுக்கடியில் கிடைத்தது. தன் வளையல்களை விற்று வாங்கிய மனையின் பத்திரம் யார் பெயரில் உள்ளது என்பதையே அவள் அறியாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்த்தபோது, அம்மனை முந்தைய ஆண்டே கொழுந்தனார் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுத்துவரும் வழக்கத்தின் அருமை அன்று நமக்கு நன்கு விளங்கிற்று.

சட்டம் அவள் பக்கம் இல்லாமல் இல்லை. மஹரையும், திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் உற்றாரும் நண்பரும் கணவர் வீட்டாரும் தந்த பொருள்களையும் மணவிலக்குப் பெற்றவள் கேட்டுப் பெறலாம் என்கிறது, முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம். இத்தாக் காலத்திற்குள் கணவர் செய்யும் ஏற்பாடு அவளது பிற்கால வாழ்வுக்கும் போதியதாதல் வேண்டும் என்று 2001-இல் தானியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரவும் அவளுக்கு உரிமை உண்டென 2024 ஜூலையில் அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சட்டத்தில் அது 144-ஆம் பிரிவு.

உரிமை உண்டு, சான்று எங்கே? மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே (2:282). நாமோ மொய்யை மட்டும் நோட்டுப் போட்டு எழுதுகிறோம்!

பட்டியலைக் கண்டபின் ஜமாஅத்தில் பேச்சின் போக்கு மாறியது. மஹரும் அடகிலிருந்து மீட்ட நகையும் இரண்டு மாதத்தில் அவள் கைக்கு வந்தன. மனை வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. கைக்கூலியாகக் கொடுத்த தொகையையும் எழுதச் சொன்னோம். பிறர் வாங்கிய வரதட்சணையை அப்பெண்ணிடமே சேர்ப்பிக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கூறுவதையும் எடுத்துரைத்தோம். "எழுதினா வாப்பாவுக்கு அவமானம், வேணாம் காக்கா" என்று மறுத்துவிட்டாள். அத்தொகை இன்றும் எந்தக் கணக்கிலும் இல்லை.